கூட்டாகவும் தனித்தனியாகவும்

கிணற்றடிப் படலையில் ஆமைப்பூட்டு தொங்கியது.

புத்தம் புதுப் பித்தளைப் பூட்டு. கடையில் ஒட்டிய விலைச் சீட்டுக்கூட இன்னும் முழுதாக உரிக்கப்படவில்லை. முதல்நாள் மாலை வரை அந்தத் தகரப் படலைக்கு ஒரு துண்டுக் கயிறுதான் காவல். பக்கத்து வளவு ஆடு உள்ளே வந்துவிடாமல் சுற்றிக் கட்டுவோம், அவ்வளவுதான்.

நாங்கள் மூன்று பேர் நின்றோம். மூன்று வாளி, மூன்று துவாய். ஜெனிற்றாவின் வாயில் பற்பசை நுரை. முதல்நாள் எங்களைப் பார்க்க வந்து தங்கிய மகேஸின் அம்மாவை விடிய வெள்ளென பஸ் ஏற்றிவிட்டு வந்திருந்தோம். குளித்துவிட்டு விரிவுரைக்கு ஓடவேண்டும்.

"ஆரடி பூட்டினது?" என்று நுரையோடு கேட்டாள் ஜெனிற்றா.

"ஆடு வந்திருக்கும்," என்றேன். சொல்லும்போதே அது பொய்யென்று எனக்குத் தெரிந்தது. ஆட்டுக்கு யாராவது பித்தளைப் பூட்டு வாங்குவார்களா?

மகேஸ் வாளியை மெதுவாகக் கீழே வைத்தாள். பஸ் தரிப்பில் அவளுடைய அம்மா சொன்னது இரண்டு மணித்தியாலத்துக்கு முந்திய கதை. "பக்கத்து வீட்டம்மா எம்புட்டு தன்மையா பேசினாங்க, புள்ள. எந்த ஊரு, என்னா வேலைன்னு எல்லாம் விசாரிச்சாங்க. நல்ல எடத்துலதான் இருக்கீங்க."

விசாரித்தார்கள்தான். விசாரித்த கையோடு கடைக்குப் போய்ப் பூட்டும் வாங்கியிருக்கிறார்கள்.

எழுத்தெண்டால் எழுத்து

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, விடுதியை விட்டு ஏன் வெளியே வந்தீர்கள் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நாங்கள் எங்கே வந்தோம், அம்மா? அந்த வருடம் இடம் போதாதென்று குலுக்கல் போட்டார்கள். எங்கள் மூவரின் பெயரும் விழவில்லை. கட்டிலைக் கொடுத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஒழுங்கைகளில் சந்து சந்தாக வீடு தேடினோம்.

கிடைத்தது ஒரு சீதன வீடு. அக்காவுக்கும் தங்கைக்கும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வீடு கட்டி, நடுவில் ஒரே கிணறு வெட்டியிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் இது வழக்கம்தான். எல்லை மதில் நேரே ஓடிவந்து கிணற்றுக் கட்டில் முட்டி நின்றுவிடும். அந்தப் பக்கம் அவர்களுக்கு ஒரு வாசல், இந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு படலை. தங்கை குடும்பத்தோடு வெளிநாட்டில். அவருடைய வீட்டுக்குத்தான் நாங்கள் போனோம். பக்கத்து வீட்டில் அக்காவும் அக்காவின் கணவரும் இருந்து இதையும் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். முகத்துக்கு நேரே 'அங்கிள்' என்போம், எங்களுக்குள் 'கிளாக்கர்'; அவருடைய மனைவி 'அன்ரி'. சேட்டுப் பையில் எப்போதும் இரண்டு பேனை இருக்கும். நீலம் எழுதுவதற்கு, சிவப்பு பிழை பிடிப்பதற்கு. ஜெனிற்றா ஒருமுறை குசினிக் கதவில் 'மின்குமிழ் எரியவில்லை, புதிதாக போட்டு தரவும்' என்று எழுதி ஒட்டினாள். மறுநாள் அதில் ஒற்று மிகும் இடமெல்லாம் சிவப்பால் மிகுந்திருந்தது. மின்குமிழ் மாத்திரம் எரியவில்லை.

வாடகை உடன்படிக்கையையும் தானே எழுதினார். நாலு வரியில் எழுதவேண்டியதை நாலு பக்கத்துக்கு எழுதினார். மனைவியின் தங்கையுடைய சீதன உறுதிப் பத்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டு எழுதினார் போல. கிழக்கு எல்லை ஒழுங்கை, மேற்கு எல்லை இன்னாருடைய வளவு என்று தொடங்கி, நாங்கள் காணி வாங்க வந்தவர்கள் மாதிரி நான்கு எல்லையும் போட்டிருந்தார்.

கையெழுத்து வைக்கப் போன அன்று, பத்திரம் பதியும் நொத்தாரிசு அம்மா தும்மலும் தடிமனுமாக இருந்தார். மேசையில் மல்லித்தண்ணி, கையில் கைலேஞ்சி. "ஐயா, உது வெறும் வாடகை எழுத்து. உறுதிப் பாஷை தேவையில்லை," என்று மூக்கடைத்த குரலில் சொல்லிப் பார்த்தார்.

"எழுத்தெண்டால் எழுத்தா இருக்கவேணும், பிள்ளை," என்றார் கிளாக்கர். பிறகு கதிரையில் நிமிர்ந்திருந்து முழுவதையும் வாசித்தார். பண் இசைப்பது போல இழுத்து இழுத்து வாசித்தார். ஒவ்வொரு பந்தியும் ஒரே இடத்தில்தான் போய் விழுந்தது: கூட்டாகவும் தனித்தனியாகவும்.

"அதென்ன, அங்கிள்?" என்றாள் ஜெனிற்றா.

"விளங்கேல்லையோ? ஒருத்தி பிழை விட்டால் மூண்டு பேரும் பிழை. மூண்டு பேரும் விட்டால் ஒவ்வொருத்தியும் பிழை. ஒருத்தரும் நழுவேலாது," என்று சொல்லிவிட்டுத் தன் வசனத்தைத் தானே ஒருமுறை ரசித்தார்.

நாங்கள் கையெழுத்து வைத்தோம். எங்களுக்கு வேண்டியது ஒரு கூரையும் பூட்டக்கூடிய கதவும். அதற்கு நாலு எல்லை இருந்தால் என்ன, நாற்பது எல்லை இருந்தால் என்ன?

ஓம் பழக்கிய கதை

இப்போது என் வண்டவாளத்தைச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் இந்த அத்தியாயத்தில் நான்தான் வீராங்கனை என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.

நான் கொடிகாமம். அப்பாவுக்குச் சந்தையில் காய்கறி மொத்த வியாபாரம். காலையில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்துகிற இடத்தில் வளர்ந்ததால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஜெனிற்றா வட்டுக்கோட்டை. தகப்பன் பள்ளிக்கூட வாத்தியார், ஞாயிறு தவறாமல் தேவாலயம். அவள் வாயைத் திறக்க ஒரு கிழமை எடுப்பாள், திறந்தால் கணக்காகச் சொல்லுவாள். மகேஸ் மலையகத்துப் பதுளைப் பக்கம். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். அந்தத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்த முதல் பெண் இவள். எங்கள் மூவரிலும் கெட்டிக்காரி. நான் சோதனையில் பாஸ் பண்ணிய பாதிப் பாடம் அவளுடைய குறிப்புக் கொப்பியால் வந்தது.

வீடு தேடிய முதல் கிழமை இரண்டு இடம் போனோம். இரண்டிலும் ஒன்றே நடந்தது. கதை நன்றாகப் போகும், தேத்தண்ணிகூட வரும். மகேஸ் வாயைத் திறந்து "ஆமாங்க" என்றதும் வீட்டுக்காரர் முகம் மாறும். "நீங்கள் எவடம்?" என்பார்கள். பிறகு, "சொந்தக்காரர் வாறம் எண்டவை, பிள்ளையள். பேந்து சொல்லுறம்."

மூன்றாவது வீடுதான் கிளாக்கருடையது. போகும் வழியில் பூவரசு மரத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு நான் மகேஸுக்கு வகுப்பு எடுத்தேன்.

"ஆமா எண்டு சொல்லாதை. ஓம் எண்டு சொல்லு."

"ஓம்."

"இழுக்காதை. கோயில்லை சொல்லுற ஓம் இல்லை. சும்மா, ஓம்."

"ஓம்."

"ஆ, உதுதான். மிச்சக் கதையை நான் பாத்துக்கொள்ளுறன்."

சிரித்துச் சிரித்துத்தான் பழக்கினேன். அவளும் சிரித்தாள். கிளாக்கர் வீட்டில் அவள் மூன்று முறை ஓம் சொன்னாள், மற்றதெல்லாம் நான் சொன்னேன். உடன்படிக்கையில் முகவரி கேட்டபோது மூவருக்கும் பல்கலைக்கழகத்தையே கொடுத்தோம். அதுவும் என் மூளைதான். வீடு கிடைத்தது. எனக்கு என்னைப் பற்றி நல்ல பெருமை. ஒரு மனிசியை வாயைப் பொத்தி ஒரு வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறேன் என்று அந்த நேரம் எனக்கு உறைக்கவேயில்லை.

திறப்பு

பூட்டுத் தொங்கிய அன்று காலை எட்டு மணிக்குக் கிளாக்கர் எங்கள் விறாந்தைக்கு வந்தார். குளித்து, விபூதி பூசி, கையில் ஒரு கோப்போடு வந்தார். மகேஸ் உள்ளே இருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

"பிள்ளையள், கோவிக்கக்கூடாது. பங்குக் கிணறு. எங்கடை சாமியறைக்கும் உந்தத் தண்ணிதான் போறது. அன்ரிக்கு மனசு சரியில்லை. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லைத்தானே."

"சொல்லுங்கோ, அங்கிள். எங்களுக்கு விளங்கேல்லை," என்றேன்.

அவர் கோப்பைத் திறந்தார். புது உடன்படிக்கை, இரண்டே பெயர். பழையது மூன்று பேரும் சேர்ந்து வைத்த கையெழுத்து, அதில் ஒருவர் விலகினால் முழுவதும் விழுந்துவிடும், ஆகவே நானும் ஜெனிற்றாவும் இதில் வைத்தால் போதும் என்றார். வெள்ளிக்கிழமைக்கிடையில் வைக்காவிட்டால் மாத முடிவில் மூவரும் வெளிக்கிடவேண்டும்.

இறுதிச் சோதனைக்கு ஆறு கிழமை இருந்தது. ஆறு கிழமைக்கு யார் வீடு தருவார்கள்? நானும் ஜெனிற்றாவும் பஸ்ஸில் போய் வந்தாவது எழுதலாம். பதுளையிலிருந்து வந்து எழுத முடியுமா? மகேஸுக்கு இந்த வீடு போனால் பட்டம் போகும்.

"அதுவரைக்கும் தண்ணிக்கு?" என்றாள் ஜெனிற்றா.

கிளாக்கர் மடியிலிருந்து பூட்டின் சின்னத் திறப்பை எடுத்து என்னிடம் நீட்டினார். "உம்மட்டைத் தாறன். நீங்கள் இரண்டு பேரும் அள்ளுங்கோ. மற்றப் பிள்ளைக்கு நீர் அள்ளி ஊத்திவிடும்."

அள்ளி ஊத்திவிடும்.

எனக்கு எட்டு வயதிருக்கும். எங்கள் வளவில் தேங்காய் பிடுங்க வந்தவர் மரத்தால் இறங்கித் தண்ணீர் கேட்டார். அம்மா செம்பில் கொண்டுவந்தார். அவர் குனிந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார், அம்மா உயரத்திலிருந்து ஊற்றினார். பாதித் தண்ணீர் முழங்கை வழியாக மண்ணில் போனது. "ஏனம்மா செம்பைக் குடுக்கேல்லை?" என்று கேட்டேன். "அவை அப்பிடித்தான் குடிப்பினம்," என்றார் அம்மா. என் அம்மா கெட்டவர் இல்லை. அந்த மனிசனுக்குச் சோறும் கறியும் வாழையிலையில் நிறையக் கொடுத்தார். ஆனால் அந்த முழங்கையால் வழிந்த தண்ணீரை நான் இன்றுவரை மறக்கவில்லை.

திறப்பை நான் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அவர் முகத்தில் எறிந்திருப்பேன், அந்தப் பயத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "வைச்சிருங்கோ, அங்கிள். எங்களுக்குக் கால் இருக்கு, சந்தியிலை குழாய் இருக்கு," என்றேன்.

அவர் கோப்பைக் கதிரையில் வைத்துவிட்டுப் போனார்.

மகேஸ் கேட்டது

உள்ளே போனால் மகேஸ் பெட்டியை இழுத்து வைத்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யிறாய்?"

"நான் போறேன். ஒங்களுக்கு எதுக்கு வீண் பிரச்சினை? எங்கயாச்சும் பாத்துக்கிறேன்."

"ஒரு இடமும் போகவேண்டாம். உவர் ஆர் உன்னை எழுப்ப? நாங்கள் கதைக்கிறம்."

"நீங்க பேசுவீங்க. நான் ஓம் சொல்லணும். அப்படித்தானே?"

நான் பெட்டி மூடியைச் சாத்தப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டாள்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "அன்னிக்கு மரத்தடியில சிரிச்சேன்ல, ராத்திரி அழுதேன். அவரு கெணத்தப் பூட்டினாரு, நீ என் வாயப் பூட்டின. நீ நல்லதுக்குத்தான் செஞ்ச, தெரியும். ஆனா வதனி, என் அம்மா நேத்து வந்து என் பாஷைய அந்தம்மாக்கிட்ட பேசிச்சுன்னு, எனக்கு ஒரு நிமிஷம் அம்மா மேலயே கோவம் வந்திச்சு. அதத்தான் என்னால தாங்க முடியல."

மன்னிப்புக் கேட்டேன். சும்மா வாய்க்குக் கேட்கவில்லை, அவளுடைய பெட்டிக்கு முன்னால் நிலத்தில் இருந்து கேட்டேன். அவள் மடித்த உடுப்பைத் திரும்ப அலுமாரியில் வைத்தாள்.

அடுத்த இரண்டு நாளும் சந்திக் குழாயில் கான்களை நிரப்பிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு ஒழுங்கையால் வந்தோம். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? வீட்டுக்குள் கிணறு இருக்க, மூன்று குமர்ப்பிள்ளைகள் ஏன் தெருத் தண்ணீர் சுமக்கிறார்கள் என்று ஒழுங்கை கேட்கத் தொடங்கியது. கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஒரே பதில்தான் சொன்னேன்: "அங்கிளைக் கேளுங்கோ."

ஜெனிற்றாதான் எனக்குப் பயமாக இருந்தாள். அவளுடைய அம்மா ஒவ்வொரு மாலையும் தொலைபேசியில், "ஏன் பிள்ளை உந்தக் கரைச்சல்? சோதனை முடியட்டும், கையெழுத்தை வைச்சிட்டுப் பேசாமல் இரு," என்பது அடுத்த கட்டிலுக்குக் கேட்கும். அவள் "ம்" என்று மட்டும் சொல்லுவாள். கிளாக்கரின் கோப்பை ஒருமுறை எடுத்து விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

நுணல்

வியாழக்கிழமை பழைய உடன்படிக்கையை மூவரும் கட்டிலில் பரப்பினோம். மகேஸ்தான் வாசித்தாள், சோதனைக்குப் படிப்பது போல ஒவ்வொரு வரியாக விரலை வைத்து. இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"இங்க பாருங்கடி."

பார்த்தோம். மறுபடி பார்த்தோம். ஜெனிற்றா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நேரே நொத்தாரிசு அம்மாவிடம் சைக்கிளை விட்டோம். தடிமன் மாறியிருந்தது. நடந்ததைக் கேட்டபோது அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, அந்த இரண்டாம் பக்கத்தைக் காட்டியபோதுதான் கண்ணாடியைக் கழற்றினார். "நான் அண்டைக்கே சொன்னனான், உறுதிப் பாஷை வேண்டாமெண்டு. மனிசன் கேட்டால்தானே," என்றார்.

பிறகு மூன்று விசயம் சொன்னார். பூட்டை உடைக்கக்கூடாது, உடைத்தால் நாங்கள் பிழை. மூவரும் ஒன்றாகக் கையெழுத்து வைத்த எழுத்தில் ஒருத்தியைத் தனியே உருவி எடுக்க அவருக்கு வழியில்லை. "மூண்டாவது, காரணத்தைக் கேளுங்கோ. வாயாலை இல்லை. எழுத்திலை தரச் சொல்லுங்கோ."

"தந்தால்?"

"தரமாட்டார். அதை எழுத அவரிட்டைப் பேனை இல்லை," என்றார் நொத்தாரிசு அம்மா.

வெள்ளிக்கிழமை

வெள்ளி காலை கிணற்றடிப் படலைக்கு முன்னால் மூவரும் வாளியோடு நின்று, "அங்கிள்," என்று கூப்பிட்டோம். அந்தப் பக்கம் அன்ரி சாமிக்குத் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். கப்பிச் சத்தம் நின்றது. கிளாக்கர் எங்கள் முற்றத்தால் சுற்றி வந்தார்.

ஜெனிற்றா கோப்பை நீட்டினாள். அவர் திறந்தார். கடைசிப் பக்கத்தில் எங்கள் இரண்டு பெயருக்கும் கீழே, அவளுடைய முத்து முத்தான எழுத்தில் மகேஸ்வரி என்ற பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இருந்தன. சிவப்புப் பேனையால் எழுதியிருந்தாள்.

"ஒரு பேர் விடுபட்டுப் போச்சு, அங்கிள். திருத்தியிருக்கு," என்றாள்.

மூன்று நாளாக அவள் யோசித்தது அதைத்தான். அவளைச் சந்தேகப்பட்டதற்கு நான் அந்த இடத்திலேயே மனசுக்குள் குட்டிக்கொண்டேன்.

கிளாக்கருக்கு முகம் சிவந்துவிட்டது. அவருடைய எழுத்தில் இன்னொருவர் சிவப்பு வைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். "அப்ப மாத முடிவிலை மூண்டு பேரும் வெளிக்கிடுங்கோ."

"சரி, அங்கிள். அதுக்கு முதல் உந்தப் பழைய எழுத்திலை இரண்டாம் பக்கம் எங்களுக்கு விளங்கேல்லை. நீங்கள் எழுதினது, நீங்கள் வாசிச்சால்தான் வடிவு," என்று நான் கடதாசியை நீட்டினேன்.

இதற்கு அவர் மாட்டேன் என்று சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். சந்தையில் வளர்ந்தவளுக்கு ஆளின் பலவீனம் தெரியாவிட்டால் எப்படி? அவர் கண்ணாடியைச் சரிசெய்தார், தொண்டையைச் செருமினார், அதே இராகத்தில் தொடங்கினார்.

"மேற்படி வீடும் வளவும், அதற்குரிய பங்குக் கிணற்றில் பங்கும், கிணற்றுக்குச் செல்லும் வழி வாய்க்கால் உரித்தும், மேற்படி மூவரும்..."

அங்கே குரல் நின்றது.

"மிச்சத்தையும் வாசியுங்கோ," என்றாள் ஜெனிற்றா.

அவர் வாசிக்கவில்லை. நான் வாசித்தேன். எனக்குப் பாடமாகியிருந்தது. "மேற்படி மூவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் யாதொரு தடையுமின்றி அனுபவித்துவரக் கடவர்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கிளாக்கர் நீலப் பேனையால் கெட்டார். சீதன உறுதியிலிருந்து கொப்பி அடித்த வேகத்தில், மூன்று வாடகைக்காரப் பெட்டையளுக்குக் கிணற்றில் பங்கும் எழுதிவைத்திருந்தார்.

"ஒருத்தி பிழையெண்டால் மூண்டு பேரும் பிழை எண்டு நீங்கள்தான் சொன்னியள். சரி. ஒருத்திக்குக் கிணறு இல்லையெண்டால் மூண்டு பேருக்கும் இல்லை. அதைத்தான் இவ்வளவு நாளும் செய்தம். இப்ப காரணத்தை எழுதித் தாருங்கோ. ஏன் பூட்டினது, ஏன் வெளிக்கிடச் சொல்லுறியள். ஒரு வரி போதும். கீழை உங்கடை கையெழுத்து. நொத்தாரிசு அம்மா கேட்டவ," என்று கொப்பியைக் கிழித்து ஒரு ஒற்றையை நீட்டினேன்.

அவர் கை பழக்கத்தில் சேட்டுப் பைக்குப் போனது. நீலப் பேனையை எடுத்தார். மூடியைக் கழற்றினார். ஒற்றையைக் கோப்பின் மேல் வைத்தார். நாலு பக்கம் எழுதத் தெரிந்த மனிசன், ஒரு வரி எழுத முடியாமல் நின்றார். நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் பேனையை மூடிவிட்டு மகேஸைப் பார்த்தார். மூன்று நாளில் அன்றைக்குத்தான் நேரே பார்த்தார். "பிள்ளை, உம்மட்டை ஒண்டு கேக்கிறன். நீர் தோட்டப் பகுதிதானே? என்னட்டை மறைச்சுத்தானே வந்தனீர்?"

நான் வாயைத் திறந்தேன். ஜெனிற்றா என் காலை மிதித்தாள்.

"ஆமா," என்றாள் மகேஸ்.

ஒழுங்கைக்கே கேட்கும்படி சொன்னாள்.

"மறைச்சது தப்பு. இனி மறைக்க மாட்டேன். எங்கம்மா தோட்டத்துல கொழுந்து எடுக்குறாங்க. நீங்க காலையில குடிக்கிற தேத்தண்ணிக்குத்தான். அதையும் எழுதிக்கங்க."

கிளாக்கர் எழுதவில்லை. மடியிலிருந்த திறப்பைப் படலைக் கட்டையின் மேல் வைத்தார். யாருடைய கையிலும் தரவில்லை. கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு

அவர் மனம் மாறினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை. அடுத்த கிழமையே அவர்கள் வளவுக்குள் குழாய்க்கிணறு தோண்ட மெசின் வந்தது. ஒரு நாள் முழுவதும் படிக்கவிடாமல் இரைந்தது. தோண்டட்டும் என்று விட்டோம். பழைய கிணறு முழுவதும் எங்களுக்கு வந்தது. சாமியறைக்குப் புதுத் தண்ணீர் போனது. அது உவர்த் தண்ணீர் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

மாத முடிவில் ஒருவரும் எங்களை எழுப்ப வரவில்லை. மூவரும் அந்த வீட்டிலிருந்தே சோதனை எழுதினோம். மகேஸுக்கு முதல் வகுப்பு, எங்களுக்கு எங்களுக்குத் தக்கது. இன்று அவள் பதுளையில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறாள். தொலைபேசியில் நான் ஏதாவது கேட்டால் வேண்டுமென்றே ஒரு முறைக்கு இரண்டு முறை 'ஆமா' போடுவாள். எனக்கு உறைக்கவேண்டும் என்றுதான். உறைக்கிறது.

ஆனால் நான் சொல்லவந்தது அந்த வெள்ளிக்கிழமையைத்தான்.

திறப்பை மகேஸே எடுத்தாள். பூட்டைத் திறந்தாள். முதல் வாளியை அவள்தான் இறக்கினாள். கப்பி அழுதுகொண்டு சுற்றியது. மதிலுக்கு அந்தப் பக்கம் அன்ரி இன்னும் நிற்கிறார் என்று எங்களுக்குத் தெரியும், அவருக்கும் நாங்கள் நிற்பது தெரியும். வாளி மேலே வந்தது. மூன்று நாளாகக் குழாய்த் தண்ணீரின் மருந்து வாடையில் இருந்த எங்களுக்கு அந்தத் தண்ணீரின் குளிர் கையில் பட்டதும் உடம்பு சிலிர்த்தது.

பேசிப் பேசி எனக்குத் தொண்டை வறண்டுபோயிருந்தது. அவசரத்தில் குனிந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினேன்.

மகேஸ் ஊற்றவில்லை. கிணற்றுக் கட்டில் கவிழ்த்து வைத்திருந்த செம்பை எடுத்துக் கழுவினாள். நிறைய மொண்டு என் கையில் தந்தாள்.

"நிமிந்து குடி, வதனி," என்றாள். "எங்க ஊர்ல யாருக்கும் நாங்க கையில ஊத்த மாட்டோம்."